பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

“பசியெடுக்க ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்கள், டாக்டர்.” எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள்களுள் இதுவும் ஒன்று. சில மாதங்களுக்கு முன் இதே வேண்டுகோளுடன் நான்கரை வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயாரும் பாட்டியும் அழைத்து வந்தனர். வயதுக்கு ஏற்ற எடை இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவுமில்லை. குடற்புழு மருந்து ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்தாகிவிட்டது. இட்லியைப் பாலில் ஊறவைத்தால்தான் உண்கிறான், ஒரு வாய்ச் சோற்றை அரைமணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறான், முறுக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அழுகிறான், பகலெல்லாம் சிடுசிடுப்பு. பாட்டி திருஷ்டி கழித்தும் பார்த்துவிட்டார்.

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தோம். கீழ்த்தாடையின் நான்கு கடைவாய்ப் பற்களில் மூன்றில் ஆழமான சொத்தைக் குழிகள். ஒரு பல்லின் அடியில் ஈற்றில் சீழ்க் கொப்புளம். “பல் வலிக்கிறதா, கண்ணா?” என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. சிறு குழந்தைக்கு வலி இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டத் தெரியாது. அதைவிட முக்கியமானது, மாதக்கணக்கில் வலியுடனே உண்டு உறங்கி வளரும் குழந்தைக்கு வலியில்லாத நாள் எப்படியிருக்கும் என்பதே நினைவில் இராது. எல்லோருக்கும் சாப்பாடு என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று அது எண்ணிக்கொள்கிறது. ஆகவே பல்வலியைக் குழந்தையின் வாய்ச்சொல்லால் அறிய முற்படாமல், அதன் உணவு, உறக்கம், சிரிப்பு, பேச்சு ஆகியவற்றால் அறிய வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியதும் அச்சிறுவனின் தலையசைப்பே.

பால் பல்லின் ஆயுள்

சொத்தையைச் சுட்டிக்காட்டியதும் பெரும்பாலான வீடுகளிலிருந்து வரும் மறுமொழி ஒன்றுதான்: “பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும்.” இதில் ஒரு சிறு கணக்குப் பிழை இருக்கிறது. பால் பற்கள் மொத்தம் இருபது. முதற்பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. ஆறு, ஏழு வயதில் விழுபவை முன்பற்கள் மட்டுமே. உணவை அரைக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கும். நான்கு வயதில் சொத்தையான கடைவாய்ப் பல் தானாக விழட்டும் என்று காத்திருந்தால், அக்குழந்தை இன்னும் ஆறேழு ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டே வாழ வேண்டும். தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

பால் பற்களை இழந்தால் நிலைத்த பற்கள் கோணலாக முளைக்கும் என்ற அறிவுரையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பால் பல் தன் இடத்தைக் காத்து நிற்பதால்தான் அடியில் வளரும் பல் நேராக மேலே வருகிறது என்பது உண்மையே. ஆயினும் இந்த வாதத்தை மட்டும் முன்வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நாளை முளைக்கப்போகும் பல்லுக்காக இன்றைய பல்லைக் காக்க வேண்டும் என்று சொல்லும்போது, இன்று வலிக்கிறது என்ற செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதன் ஐந்தாவது வயதும் வாழ்க்கைதானே.

பதின்மூன்று கேள்விகள்

மருத்துவர்கள் வெகுகாலம் சொத்தைப் பற்களின் எண்ணிக்கையை மட்டுமே குறித்துவந்தனர். எத்தனை பல் கெட்டிருக்கிறது என்பது அதனால் தெரியும். குழந்தை எப்படி வாழ்கிறது என்பது தெரியாது. இக்குறையை நீக்க அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் வாய்நலம் அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்கும் கருவி அது. சிறு குழந்தைகளால் விடை சொல்ல இயலாது என்பதால் பெற்றோரே விடையளிக்க வேண்டும். கேள்விகள் பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அடிக்கடி’ என்பது வரை ஐந்து விடைகள். பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை உயர உயரக் குழந்தையின் துன்பம் மிகுதி என்று பொருள்.

கேள்விகளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பல்லிலோ வாயிலோ தாடையிலோ வலி இருந்ததா? சூடாகவோ குளிர்ச்சியாகவோ பருகச் சிரமப்பட்டதா? சில உணவுகளை உண்ண இயலவில்லையா? சில சொற்களை உச்சரிக்கத் தடுமாறியதா? பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகாமல் இருந்ததா? உறக்கம் கெட்டதா? எரிச்சலுற்றதா? சிரிப்பதைத் தவிர்த்ததா? பேசுவதைத் தவிர்த்ததா? குழந்தையைப் பற்றிய கேள்விகள் இவ்வளவே. எஞ்சிய நான்கும் குடும்பத்தைப் பற்றியவை: நீங்கள் மனம் வருந்தினீர்களா, குற்ற உணர்வு கொண்டீர்களா, வேலைக்கு விடுப்பு எடுத்தீர்களா, பணச்செலவு உங்களைப் பாதித்ததா?

மேலே குறிப்பிட்ட சிறுவனின் தாயாரிடம் இக்கேள்விகளைக் கேட்டோம். வலி பற்றிய முதற்கேள்விக்கு ‘இல்லை’ என்றார். இரண்டாவதற்குச் சற்றுத் தயங்கினார். உறக்கம் பற்றிய கேள்வி வந்தபோது பேசாமல் மகனின் முகத்தைப் பார்த்தார். குற்ற உணர்வு பற்றிய கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வாய்நல அறிக்கையின் மதிப்பீட்டின்படி, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருக்கிறது. இவ்வளவு பரவலான ஒரு நோய்க்கு ஒரு தாயின் கவனக்குறைவே காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் பழி சுமத்துவது நியாயமற்றது. பழிக்கு அஞ்சும் தாய் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுவரவும் தாமதிக்கிறாள். “இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்கும் மருத்துவர்களும் எங்களிடையே இல்லாமலில்லை. அந்தக் கேள்வியால் எந்தச் சொத்தையும் அடைபட்டதில்லை.

சிரிப்பும் பேச்சும்

மேல்வரிசை முன்பற்கள் கரைந்து கறுத்த முனைகளாக நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அழகைப் பற்றிய கவலை இராது என்று நினைக்கிறோம். வீட்டிற்கு வரும் உறவினர் “என்னடா, பூச்சிப் பல்லா?” என்று விளையாட்டாகக் கேட்பார். குழந்தையும் சிரிக்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்ட பிறகு, சிரிக்கும்போது கை தானாக வாயை மூடத் தொடங்கும். புகைப்படத்துக்கு நிற்கும்போது உதடுகள் இறுகும். ஐந்து வயதை எட்டுவதற்குள் அது குழந்தையின் இயல்பாகவே ஆகிவிடும்; “இவள் கூச்ச சுபாவம்” என்று நாமும் பெயர் சூட்டிவிடுவோம். அவ்வாறு ‘கூச்ச சுபாவம்’ உடையவர்களாக அழைத்து வரப்பட்டுச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் வாயாடிகளாக மாறிய குழந்தைகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பேச்சும் இதனோடு சேர்ந்ததே. நாவின் நுனி மேல்வாய்ப் பல்லின் அடியைத் தொடும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன என்று நன்னூல் இலக்கணம் வகுத்திருக்கிறது. தாத்தா, தம்பி, தண்ணீர், நாய், நிலா எனக் குழந்தை முதலில் பழகும் சொற்களில் எத்தனை இவ்வெழுத்துகளில் தொடங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பேச்சுப் பழகும் வயதில் முன்பற்களை இழந்த குழந்தைகளுள் பலர் தாமாகவே சரிசெய்துகொள்கின்றனர். சிலருக்கு மழலை நீடிக்கிறது.

எல்லாக் கறையும் சொத்தை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது. பல் உருவாகும் ஆண்டுகளில் அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளுக்கு நிலைத்த பற்கள் வெண்திட்டுகளுடனோ பழுப்புக் கறையுடனோ முளைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசென்றதன் நோக்கங்களுள் இப்பாதிப்பைத் தடுப்பதும் ஒன்று. இக்கறை பல் துலக்காததால் வந்ததன்று. உப்பும் கரித்தூளும் வைத்துத் தேய்ப்பதால் போகவும் செய்யாது, எனாமல்தான் தேயும். எட்டாம் வகுப்பு மாணவிகள் இக்கறைக்காக வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்தியதுண்டு. பல் மருத்துவர் மேற்பரப்பை மெருகேற்றியும், பல் நிறப் பூச்சிட்டும் இதைப் பெருமளவு மறைக்க இயலும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் படியும் கருமையும் வெறும் மேற்கறைதான். அதற்கஞ்சி மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

சொத்தை எவ்வாறு வருகிறது

பல்லுக்குள் பூச்சி எதுவும் இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு ஏறத்தாழ அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முதற்கேள்வி. மதிய உணவோடு ஒரு லட்டை உண்டு முடிக்கும் குழந்தையைவிட, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மாலை முழுவதும் கொறிக்கும் குழந்தையின் பற்களுக்கே ஆபத்து மிகுதி. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நல்லவை என்று நம்புவோர் உண்டு; நுண்ணுயிரிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எக்காரணத்தாலும் கூடாது என்பது தனிச் செய்தி.)

உறங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி, அதைச் சப்பியபடியே உறங்கவிட்டால், மேல்வரிசை முன்பற்கள் இரவு முழுவதும் இனிப்பில் நனைகின்றன. கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். மேல்பற்கள் கெட்டும் கீழ்பற்கள் நன்றாகவும் இருந்தால், இரவுப் புட்டிப் பழக்கம் உண்டா என்று நாங்கள் கேட்பது இதனால்தான். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறோம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். அதை இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தொடரலாம். பல் முளைத்தபின் படுக்கும் முன் பல்லைத் துலக்கிவிடுவதே தேவை.

எங்கள் துறையின் பங்கையும் மறைக்கக் கூடாது. வலிப்பு போன்ற நெடுநாள் நோய்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. அவற்றை இரவில் உறங்கும் முன் கொடுக்கச் சொல்வதும் நாங்களே. சர்க்கரையில்லாத மாற்று இருக்கிறதா என்று எங்களிடம் கேளுங்கள். இல்லையெனில் மருந்துக்குப் பிறகு நீர் பருகச் செய்யுங்கள்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், குழந்தையின் தலையை மடியில் கிடத்தி மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் அறிகுறி. அந்நிலையில் ஃபுளோரைடு பூச்சும் உணவு மாற்றமும் அதைத் திருப்பிவிடப் போதும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாகத் திரும்பாது. பால் பல்லின் எனாமல் நிலைத்த பல்லினதைவிட மெல்லியது என்பதால், குழி நரம்பை எட்டச் சில மாதங்களே போதும்.

முதற்பல் முளைத்த நாள் முதல் துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசியளவு பற்பசை, மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரங்களில் தூரிகை நிறைய அலை அலையாகப் பசை பிதுக்குவது பசை விற்பதற்கான அளவு. பெட்டியில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கென விற்கும் வண்ணப் பசைகளுள் சிலவற்றில் அது குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். ஃபுளோரைடு பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டியதில்லை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊரில் வாழ்வோர் பசையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. காலையில் விடுபட்டாலும் இரவில் விடுபடக் கூடாது. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர்தாம் துலக்கிவிட வேண்டும். அந்த வயது வரை குழந்தை தானே துலக்குவதை விளையாட்டாகக் கொள்ளலாம், துலக்கியதாகக் கொள்ள முடியாது.

ஆறு வயதளவில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிலைத்த கடைவாய்ப் பல் ஒன்று ஓசையின்றி முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாததால் அதையும் பால் பல் என்றே எண்ணிப் பலர் இழந்துவிடுகின்றனர்.

சிகிச்சை என்றால் பிடுங்குவதா?

பெரும்பாலும் தேவையில்லை. சிறு குழிகளை அடைக்கலாம். நரம்பு வரை சென்றதற்கு வேர் சிகிச்சை செய்து எஃகு உறை மாட்டலாம். அந்தப் பல் தன் காலம் வந்ததும் உறையோடு விழும். நாற்காலியில் உட்கார மறுக்கும் மிகச் சிறு குழந்தைகளுக்கு வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைத் தடவிச் சொத்தை பரவுவதைத் தடுக்கலாம். குழி கறுத்துப்போகும் என்பது அதன் குறை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பல்லை எடுத்தே தீர வேண்டுமெனில், பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடாதபடி இடத்தைக் காக்கும் வளையம் பொருத்தப்படும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்பது தவறான அச்சம். குழிக்குள் கிராம்புத் தைலமோ மாத்திரைத் தூளோ வைப்பது ஈற்றைப் புண்ணாக்கும். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தால் வீக்கம் வடியும்; நோயின் இருப்பிடம் பல்லுக்குள் அப்படியே இருப்பதால் மீண்டும் வீங்கும்.

அச்சிறுவனுக்கு இரண்டு பற்களில் வேர் சிகிச்சையும் உறையும். சீழ் பிடித்த ஒன்றை எடுக்க நேர்ந்தது. ஆறு வாரம் கழித்து எடை பார்க்க வந்தபோது ஏறத்தாழ முக்கால் கிலோ கூடியிருந்தான். டானிக் எதுவும் எழுதவில்லை. இரவில் எழுவதில்லை என்றார் தாயார். பாட்டியின் புகார் வேறு: வீட்டில் முறுக்கு டப்பாவை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதாம்.

கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாவிட்டாலும் பொழுது விடியக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். பிறவி இதயநோய் உள்ள குழந்தையெனில், பல் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். சிலருக்குப் பல் சிகிச்சைக்கு முன் மருந்து தேவைப்படும்.

மற்றபடி முதற்பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவப் பிரிவுக்கு வருவது நல்லது. அரசின் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் நடைபெறும் பரிசோதனையில் பற்களும் பார்க்கப்படுகின்றன. அங்கு கொடுக்கும் பரிந்துரைச் சீட்டைத் தொலைத்துவிடாமல் கொண்டு வாருங்கள். குழந்தை நன்கு உறங்கி உண்ட பின், காலை நேரத்தில் அழைத்து வந்தால் ஒத்துழைப்பு மிகுதி. “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லி அழைத்து வர வேண்டாம். அந்தச் சொல்லே வலியை நினைவூட்டிவிடும். “சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்” என்று வீட்டில் மிரட்டுவதையும் தயவுகூர்ந்து நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாளில் நாற்காலியை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக் காட்டுவதோடு அனுப்பிவிடுவதும் உண்டு. அன்று எதுவுமே செய்யவில்லையே என்று வருந்த வேண்டாம். அடுத்த முறை குழந்தை தானாக ஏறி உட்கார்வதற்கான ஏற்பாடு அது.